அங்கயற்கண்ணி என்று பேர் வைக்கலாமா?

கேள்வி:

வணக்கம் மேடம். எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்து இரண்டு வாரம் ஆகிறது. வீடு கேரளத்தில் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில், பிரசவம் மட்டும் கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் நடந்தது. எனக்கு அங்கயற்கண்ணி என்று வைக்க ஆசை. ஷார்ஜாவில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரருக்கு வெண்ணிலா என்று வைக்க ஆசை. கடைசியில் இரண்டையும் சேர்த்து 'அங்கயற்கண்ணி வெண்ணிலா' என்று முடிவு செய்தோம். அத்தைதான் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார். இவ்வளவு நீளப் பேரை மலையாளத்துக்காரர்கள் சிதைத்துவிடுவார்கள், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேலி பண்ணும், பாஸ்போர்ட்டில் இடம் பத்தாது என்கிறார். ஆர்யா, நியா என்று சின்னதாக வைக்கச் சொல்கிறார். அவர் பார்த்துவிட்டு வந்த நியூமராலஜிக்காரர், எந்தப் பேர் வைத்தாலும் ஆங்கிலத்தில் ஒரு 'ஏ'வும் ஒரு 'ஹெச்'சும் கூடுதலாகப் போடச் சொல்லியிருக்கிறாராம். மருத்துவமனையில் பேரைச் சீக்கிரம் எழுதிக் கொடுங்கள் என்று அவசரப்படுத்துகிறார்கள். 28-ஆம் நாள் பேர் வைக்கிறோம், அவரும் லீவில் வந்திருக்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்:

தங்கச்சி, அங்கயற்கண்ணி என்று தாராளமாக வையுங்கள். வெண்ணிலாவை அதோடு சேர்க்க வேண்டாம் என்பது என் கருத்து, ஏன் என்று அப்புறம் சொல்கிறேன்.

எல்லையோரத்தில் வக்கீலாக இருக்கிறதால் பேர் திருத்தும் வேலை என்னிடம் நிறைய வரும், கேரளத்துச் சித்தூர், பாலக்காடு பக்கமிருந்தும் வரும், பொள்ளாச்சிப் பக்கமிருந்தும் வரும். பேர் வித்தியாசமாக இருக்கிறது என்பதாலேயே ஒரு பெண் சிரமப்பட்டு நான் பார்த்தது குறைவு. ஒரே பேர் நாலு காகிதத்தில் நாலு விதமாக ஏறியதால் சிரமப்பட்டவர்கள்தான் அதிகம், அதில் ஊரே வைத்திருக்கிற சாதாரணப் பேர்களும் நிறைய உண்டு. லட்சுமி என்ற பேரையே எடுத்துக்கொள்ளுங்கள், ஆங்கிலத்தில் 'கே எஸ் ஹெச்' போட்டு எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், 'எக்ஸ்' போடுகிறவர்கள் இருக்கிறார்கள், 'லெச்சுமி' என்றே எழுதிவைத்த பழைய பள்ளிச் சான்றிதழ்களும் இருக்கின்றன. எழுத்து நிலையாக இல்லாவிட்டால் இரண்டெழுத்துப் பேர்கூடத் தொல்லைதான், நிலையாக இருந்தால் பன்னிரண்டு எழுத்துப் பேரும் சிக்கலில்லாமல் ஓடும். அதனால் உங்கள் வீட்டில் நடக்கிற நீளமா சின்னதா என்ற சண்டையை விட்டுவிட்டு, இந்தப் பேரைத் தமிழிலும் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் எப்படி எழுதப்போகிறோம் என்பதைத்தான் நீங்கள் மூன்று பேரும் உட்கார்ந்து பேச வேண்டும்.

முதலில் அந்த மருத்துவமனை அவசரத்தை முடித்துவிடுவோம். பிறப்பை 21 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம், மருத்துவமனையில் பிறந்தால் அதை அவர்களே செய்துவிடுவார்கள். ஆனால் பேர் இல்லாமலேயே பிறப்பைப் பதியலாம். 1969-ஆம் வருட பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் கீழ், பதிவான நாளிலிருந்து 12 மாதத்துக்குள் பேரைக் கட்டணமில்லாமல் சேர்க்கலாம், அதற்கு மேல் தாமதக் கட்டணத்தோடு 15 வருஷம் வரைக்கும் இடம் இருக்கிறது. அதற்காக 15 வருஷம் விட்டுவைக்கச் சொல்லவில்லை, கவுன்ட்டரில் நின்றுகொண்டு அவசர அவசரமாக எழுதிக் கொடுக்கத் தேவையில்லை என்கிறேன். இப்போதைக்கு நீங்கள் உடனே பார்க்க வேண்டியது குழந்தையின் பேரை அல்ல, மருத்துவமனை அனுப்பும் படிவத்தில் உங்கள் பேரும் உங்கள் வீட்டுக்காரர் பேரும் எப்படி இருக்கிறது என்பதைத்தான். ஆதாரில் இருக்கிறபடியே, இனிஷியல் உட்பட, ஒரு எழுத்து மாறாமல் இருக்க வேண்டும், நிரந்தர முகவரியில் கேரள முகவரி சரியாக இருக்க வேண்டும். பிள்ளை பேரில் இருக்கிற கவனத்தில் அப்பா அம்மா பேரைப் பார்க்காமல் விட்டு, பிள்ளை பத்தாவது படிக்கும்போது அலைகிற குடும்பங்கள் எத்தனையோ.

அப்புறம் பிரசவம் கோவையில் நடந்ததால் பிறப்பும் அங்கேதான் பதிவாகும். எந்த ஊர்க்காரர் என்பது கணக்கில்லை, எங்கே பிறந்தது என்பதுதான் கணக்கு. பாலக்காட்டில் பிறந்திருந்தால் சான்றிதழ் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் வந்திருக்கும், உங்களுக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் வரும். கேட்கச் சின்ன விஷயமாகத் தெரியும், எல்லையோரக் குடும்பங்களுக்குச் சிக்கல் ஆரம்பிக்கிற இடமே இதுதான். குழந்தையின் பேரை மலையாளத்தில் முதன்முதலாக எழுதப்போகிறது நீங்களும் இல்லை, பதிவாளரும் இல்லை. அங்கன்வாடியிலோ ஆதார் மையத்திலோ பள்ளியிலோ யாரோ ஒருவர், கையிலிருக்கிற ஆங்கில எழுத்தைப் பார்த்து, தன் காதுக்குத் தோன்றிய மாதிரி எழுதுவார். கேரளப் பள்ளிகளில் சேர்க்கும்போது மாணவர் விவரங்களைப் பதிகிற 'சம்பூர்ணா' மென்பொருளில் பேர் ஏறும், பத்தாவது வரும்போது எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்துக்கு அங்கிருந்துதான் போகும், அதற்குப் பிறகு திருத்த வேண்டுமானால் திருவனந்தபுரத்தில் இருக்கிற தேர்வுத்துறை அலுவலகமான பரீக்ஷா பவன் வரைக்கும் மனு போக வேண்டும்.

உங்கள் பேரில் தடுக்கக்கூடிய இடம் ஒன்றே ஒன்றுதான், அந்த 'ங்க'. தமிழில் நமக்கு அது ஒரே எழுத்துச் சேர்க்கை, யோசிக்க ஒன்றுமில்லை. மலையாளத்தில் அப்படியில்லை. அங்கமாலி, சங்ஙனாச்சேரி, சங்கீதா, இந்த மூன்றையும் ஆங்கிலத்தில் எழுதினால் மூன்றிலும் அதே 'என் ஜி'தான் வரும், மலையாளத்தில் எழுதினாலோ மூன்றும் மூன்று விதம். அங்கமாலிக்கு ஙகரமும் ககரமும் சேர்ந்து வரும், சங்ஙனாச்சேரிக்கு இரட்டை ஙகரம், சங்கீதாவுக்கு ஒரு சின்ன வட்டமும் பக்கத்தில் அழுத்தமில்லாத 'க'வும். உங்கள் மகள் பேரை யாராவது சங்ஙனாச்சேரி மாதிரி எழுதிவிட்டால், வகுப்பில் 'அங்ஙயர்க்கண்ணி' என்று கூப்பிடுவார்கள், அவர்கள் மேல் தப்பு இல்லை, எழுதியிருக்கிறதைப் படிக்கிறார்கள். அதனால் எங்கே போனாலும் 'சங்கீதாவில் வருகிற ங்க' என்று சொல்லுங்கள், மலையாளம் படித்த யாருக்கும் உடனே புரிந்துவிடும். 'ற்க' வருகிற இடத்தில் அவர்கள் 'ர்' என்று எழுதுவார்கள், எழுதட்டும், ஒலி கெடாது.

இதில் ஒரு சந்தோஷமும் இருக்கிறது. தமிழ்ப் பேர் என்றாலே மலையாளத்துக்காரர்கள் சிதைத்துவிடுவார்கள் என்று அத்தை பயப்படுகிறார் இல்லையா, நம் பேர்களுக்குக் கேரளம் நல்ல இடம். ழகரம், றகரம், ளகரம், ணகரம் எல்லாம் அவர்களிடமும் இருக்கிறது, நம்மைவிடச் சுத்தமாகவே சொல்லுவார்கள். குப்பம், சித்தூர் என்று ஆந்திர எல்லையில் இருக்கிற தமிழ்க் குடும்பங்களைக் கேட்டுப்பாருங்கள், தெலுங்கில் ழகரமே கிடையாது, கயல்விழி என்று வைத்துவிட்டு அதைப் பள்ளிக்கூடத்தில் எழுதவைக்கப் படாதபாடு படுவார்கள். உங்கள் ஊரில் அந்தக் கஷ்டம் இல்லை. கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி பக்கமெல்லாம் தமிழ் பேசுகிறவர்கள் நிறைந்த ஊர்கள், தமிழ் மீடியம் பள்ளிகள் இருக்கின்றன, தமிழ்ப் பேரைக் கேட்டு முழிக்கிற ஆசிரியர் அங்கே இருக்க மாட்டார்.

ஆங்கிலத்தில் ஒன்றை மட்டும் தீர்மானியுங்கள். 'என் ஜி'யா 'என் கே'யா, 'ஆர்' போட்டபின் ஒரு 'கே'யா இரண்டு 'கே'யா. என் யோசனை 'என் ஜி', ஒரே 'கே', கடைசியில் இரண்டு 'என்', ஒரு 'ஐ'. மொத்தம் 12 எழுத்து. வீட்டில் ஒரு வெள்ளைத்தாளில் மூன்று மொழியிலும் பெரிதாக எழுதி, படம் எடுத்து உங்கள் போனிலும் அவர் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள். எந்த அலுவலகத்திலும் வாயால் சொல்லாதீர்கள், காட்டுங்கள்.

நியூமராலஜி விஷயத்தில் என் பதில் வேண்டாம் என்பதுதான். உங்கள் அத்தையின் நம்பிக்கையை நான் குறை சொல்லவில்லை, பேத்தி நன்றாக இருக்க வேண்டும் என்ற ஆசையில்தான் போயிருக்கிறார். ஆனால் அந்தக் கூடுதல் 'ஏ'வும் 'ஹெச்'சும் தமிழிலும் இல்லை, மலையாளத்திலும் இல்லை, சொல்லும்போது காதிலும் விழாது. காதில் விழாத எழுத்தை எழுதுகிறவர் விட்டுவிடுவார், ஒருவர் இல்லாவிட்டால் இன்னொருவர் கட்டாயம் விட்டுவிடுவார். மனுஷனுக்கு அது பெரிதாகத் தெரியாது, கம்ப்யூட்டருக்கு அது வேறு ஆள். பான் கார்டை ஆதாரோடு இணைக்கிறபோது பேர் ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்பும், விமான டிக்கெட்டும் பாஸ்போர்ட்டும் வேறு வேறாக இருந்தால் விமான நிலையத்தில் நிறுத்துவார்கள். ஆதாரில் பேரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற அனுமதி, அதைத் தாண்டினால் தனியாகக் காரணம் காட்டிக் கெஞ்ச வேண்டும். 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், பாஸ்போர்ட், திருமணப் பதிவு, அரசு வேலை என்று எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கு ஆதாரம் பிறப்புச் சான்றிதழ்தான் என்று சட்டமே மாறிவிட்டது. அந்தக் காகிதத்தில் இருக்கிற எழுத்துத்தான் இனி அவளோடு கடைசி வரைக்கும் வரும்.

பாஸ்போர்ட்டில் இடம் பத்தாது என்று அத்தை சொன்னது முழுக்கத் தப்பு இல்லை, ஆனால் உங்கள் விஷயத்தில் பயப்பட வேண்டியதில்லை. பாஸ்போர்ட்டில் படம் இருக்கிற பக்கத்தின் அடியில் மெஷின் படிப்பதற்கென்று இரண்டு வரி இருக்கும், பார்த்திருப்பீர்கள். ஒரு வரியில் 44 இடம், முதல் வரியில் 5 இடம் ஆவண வகைக்கும் நாட்டுக்கும் போய்விடும், மீதி 39 பேருக்கு. அப்பா பேர் 12 எழுத்து என்று வைத்தாலும், நடுவில் விடும் இடங்களையும் சேர்த்து, 'அங்கயற்கண்ணி வெண்ணிலா' முழுசாக 34-ல் முடிந்துவிடும். தாத்தா பேர், வீட்டுப் பேர், ஊர்ப் பேர் என்று அடுக்கிக்கொண்டே போனால்தான் வால் வெட்டுப்படும்.

நீளத்தைவிட, ஷார்ஜா போகிற குடும்பம் கவனிக்க வேண்டியது வேறு ஒன்று. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பேர் மட்டும் இருந்து, குடும்பப் பேர் என்ற இடம் காலியாக இருந்தால் விசிட் விசாவில் விடமாட்டோம் என்று 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் சொன்னது. இரண்டாம் பக்கத்தில் அப்பா பேரோ குடும்பப் பேரோ இருந்தால் ஏற்றுக்கொள்கிறோம் என்று பிறகு விளக்கம் வந்தாலும், அதற்குள் டிக்கெட் போட்டுவிட்டுத் தவித்தவர்கள் நம் பக்கத்தில் நிறைய. அதனால் குழந்தைக்குப் பாஸ்போர்ட் எடுக்கும்போது பேர் என்ற இடத்தில் அங்கயற்கண்ணி, குடும்பப் பேர் என்ற இடத்தில் அப்பாவின் முழுப் பேர் என்று எழுதுங்கள். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்துத்தான் எழுத வேண்டும், தமிழ்நாட்டில் நாம் முன்னால் போடுகிறோம், கேரளத்தில் பின்னால் போடுகிறார்கள், எங்கே போடுவது என்ற குழப்பத்துக்கே இடமில்லாமல் போகும்.

இப்போது வெண்ணிலா. நல்ல பேர், 'வெண்ணிலாவு' என்று மலையாளத்திலும் இருக்கிற சொல் என்பதால் பக்கத்து வீட்டுச் சேச்சிக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. தனியாக வைத்தால் நான் ஒரு வார்த்தை மறுத்திருக்க மாட்டேன். ஆனால் உங்கள் கடிதத்தை இரண்டு மூன்று முறை படித்துப் பார்த்தேன், இந்தப் பேர் இவ்வளவு நீண்டது உங்களுக்கு நீளப் பேர் பிடிக்கும் என்பதால் இல்லை, உங்களுக்கு ஒன்று, அவருக்கு ஒன்று, யாரும் விட்டுக்கொடுக்க வேண்டாம் என்று இரண்டையும் சேர்த்துவிட்டீர்கள். இரண்டு பேரின் ஆசையையும் குழந்தை தலையில் ஒன்றாக ஏற்றினால் என்ன ஆகும் தெரியுமா, பாதிப் படிவத்தில் வெண்ணிலாவைக் குடும்பப் பேர் என்று நினைத்து அந்தக் கட்டத்தில் போடுவார்கள், சிலர் அம்மா பேர் என்று நினைப்பார்கள், சிலர் இடைவெளி விடாமல் ஒட்டி எழுதுவார்கள், சிலர் முதல் பேரை மட்டும் எழுதி நிறுத்திவிடுவார்கள். நான் மேலே சொன்ன நாலு காகிதம் நாலு விதம் என்பது அப்படித்தான் உண்டாகிறது.

ஒன்றைப் பதியுங்கள், இன்னொன்றை வீட்டில் கூப்பிடுங்கள். அவர் போனில் மகளை நிலா என்று கூப்பிட்டுக்கொள்ளட்டும், அப்பா மட்டும் கூப்பிடுகிற பேர் என்று ஒன்று இருப்பது எந்தப் பெண்ணுக்கும் பிடிக்கும். இல்லை, வெண்ணிலாவைப் பதிந்துவிட்டு அங்கயற்கண்ணியை நீங்கள் வீட்டில் வைத்துக்கொண்டாலும் சரிதான், எது என்பதை நீங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளுங்கள். ஆனால் பேசி முடியுங்கள். 2023-ல் பிரிந்து வாழ்ந்த ஒரு தம்பதிக்குள் பேர் விஷயத்தில் ஒத்துவராமல், பேரில்லாத பிறப்புச் சான்றிதழைப் பள்ளி ஏற்கவில்லை என்று விஷயம் கேரள உயர்நீதிமன்றம் வரைக்கும் போய், கடைசியில் நீதிமன்றமே அந்தக் குழந்தைக்குப் பேரைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது. உங்கள் வீட்டில் அப்படி ஒன்றும் நடக்காது, அம்மாவும் அப்பாவும் ஒரே மனசாகக் கையெழுத்துப் போடுவது எவ்வளவு பெரிய வசதி என்பதற்காகச் சொல்கிறேன்.

கேலிக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் அத்தையின் உண்மையான பயம் அதுதான் என்று தோன்றுகிறது. பிள்ளைகள் எந்தப் பேரையும் கேலி பண்ணும். சின்னப் பேர் என்றால் எதுகை போடும், பெரிய பேர் என்றால் இழுத்துச் சொல்லும், அது கொஞ்ச நாளில் அடங்கிவிடும். பெரியவர்கள் அந்தப் பேருக்காகக் கூச்சப்படுவது மட்டும் அடங்காது. விசேஷ வீட்டில் யாராவது 'என்ன பேரு இது' என்று கேட்கும்போது, 'இவங்க அப்பா ஆசைப்பட்டு வெச்சுட்டாரு' என்று அம்மா இழுப்பதைப் பிள்ளை பக்கத்தில் நின்று கேட்கிறது, தன் பேரில் ஏதோ தப்பு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொள்கிறது. நீங்கள் அப்படிப் பேசவே கூடாது. மதுரை மீனாட்சிக்கு அங்கயற்கண்ணி என்று பேர், கயல் மீன் மாதிரி அழகான கண் உடையவள் என்று நாலு வயசிலேயே அவளுக்குச் சொல்லிக் கொடுங்கள், யார் கேட்டாலும் அவளே நிமிர்ந்து சொல்லுவாள்.

அத்தையிடம் இதையும் சொல்லுங்கள், நீளப் பேர் என்பது இந்தக் காலத்து மோகம் இல்லை. குற்றாலத்தில் அம்மனுக்குக் குழல்வாய்மொழி என்று பேர், திருச்சியில் தாயுமானவர் கோயிலில் மட்டுவார்குழலி, வேதாரண்யத்தில் யாழைப்பழித்த மொழியம்மை. கோயில் பேரையே பிள்ளைக்கு வைத்து, வீட்டில் அதிலிருந்து இரண்டெழுத்தைப் பிய்த்துக் கூப்பிடுவதுதான் நம் வீடுகளில் வழக்கமே, பெரியநாயகியைப் பெரியா என்று கூப்பிடுகிற அப்பத்தாக்களை அவர் பார்க்காமலா இருப்பார். உங்கள் பேருக்குள்ளேயே கயல் இருக்கிறது. அத்தை கேட்ட சின்னப் பேர் அதுதான், ஆர்யா மாதிரியே சின்னது. மலையாளத்தில் காயல் என்றால் உப்பங்கழி என்பதால் ஆரம்பத்தில் அக்கம்பக்கத்தில் சிலர் 'காயல்' என்று நீட்டுவார்கள், இரண்டு முறை சொல்லிக் கொடுத்தால் பழகிவிடும்.

நாளை அவளுக்கே இந்தப் பேர் பிடிக்காமல் போனால் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனசில் இருக்கும். 18 வயசுக்குப் பிறகு அரசிதழில் விளம்பரம் கொடுத்து அவளே மாற்றிக்கொள்ளலாம், அதற்கு வழி இருக்கிறது. அது அவள் உரிமை, அந்த நாளை நினைத்து இப்போது பிடித்த பேரை விட வேண்டாம்.

28-ஆம் நாள் காதில் பேரை அத்தையையே சொல்லச் சொல்லுங்கள், நீங்கள் பேசி ஜெயித்த மாதிரி ஆகாமல் அவர் வைத்த பேராகிவிடும். அதற்கடுத்த வாரமே கோவைக்குப் போய், நீங்கள் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட கடிதத்தோடு பேரைப் பதிவில் சேர்த்து, புதுச் சான்றிதழை அங்கேயே நின்று எழுத்து எழுத்தாகப் படித்துப்பாருங்கள். எழுத்துப்பிழை என்றால் அதே பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவின் கீழ் திருத்த முடியும், அன்றைக்கே சொல்வது பிறகு சொல்வதைவிடச் சுலபம். பிறகு ஆதார். ஐந்து வயசுக்குள் கைரேகை எடுக்க மாட்டார்கள், ஆனால் ஆங்கிலத்தில் அடித்ததும் கம்ப்யூட்டரே தானாக மலையாளத்தில் ஒரு பேரைப் போட்டுக்கொள்ளும், 'ங்க' தப்பாக விழுகிற இடம் பெரும்பாலும் அதுதான், திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் சரி என்று சொல்ல வேண்டும். குழந்தையின் பாஸ்போர்ட்டுக்கு அப்பா அம்மா இரண்டு பேரின் சம்மதமும் வேண்டும் என்பதால், அவர் ஷார்ஜாவுக்குக் கிளம்புவதற்கு முன்னால் 'அனெக்சர் டி' படிவத்தில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.